ஆற்றங்கரையில் நீர் வோலைத் தேடுவது எப்படி: தடய ஆய்வுக்கான முழுமையான வழிகாட்டி

பிரிட்டனின் ஓடைகளிலும் கால்வாய்களிலும் வாழும் கொறிவிலங்கான நீர் வோலைக் காண ஆசைப்பட்டுக் கரைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் அதைக் காணாமலேயே திரும்புகிறார்கள். சில இடங்களில் அது உண்மையிலேயே அழிந்துபோயிருக்கும். அது வாழ்கின்ற இடங்களிலும் இதே ஏமாற்றம் நேர்வதற்குக் காரணம், நாம் விலங்கைத் தேடிக்கொண்டு நிற்பதுதான். காலடி அதிர்ந்தவுடன் 'தொபுக்' என்று நீரில் குதித்து மறைந்துவிடும் ஒரு சிற்றுயிரை அப்படித் தேடிப் பயனில்லை. அது விட்டுச்சென்ற எச்சத்தையும், கடித்துப் போட்ட தண்டையும், குடைந்த வளையையும் தேட வேண்டும். அவற்றுள்ளும் ஐயத்திற்கு இடம் வைக்காத சான்று, அது ஒரே இடத்தில் திரும்பத்திரும்பக் கழிவிட்டு உருவாக்கும் எச்சத்திட்டு ஒன்றுதான். இந்த வழிகாட்டியின் ஒவ்வொரு படியும் உங்களை அந்தச் சான்றின் முன் கொண்டுபோய் நிறுத்துவதற்காகவே எழுதப்பட்டிருக்கிறது.

வோல் என்னும் இனத்திற்குத் தமிழில் வழங்கும் பெயர் இல்லை. 'நீர் எலி' என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் நான் அதைத் தவிர்க்கிறேன். எலி என்று தவறாக எண்ணப்பட்டதாலேயே இவ்விலங்கு நஞ்சு வைத்துக் கொல்லப்பட்டிருக்கிறது. ஆகவே ஒலிபெயர்ப்பாக 'நீர் வோல்' என்றே இங்கு எழுதுகிறேன். இதன் அறிவியல் பெயர் ஆர்விகோலா ஆம்பிபியஸ்.

தென்மேற்கு லண்டனில் கிங்ஸ்டன், நியூ மால்டன், டோல்வர்த் பகுதிகளில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவும் ஹாக்ஸ்மில் ஆற்றோரப் பாதையில் நடந்திருக்கும். யூவெல் ஊற்றுகளில் பிறந்து கிங்ஸ்டனில் தேம்ஸ் ஆற்றுடன் கலக்கும் அந்தச் சுண்ணாம்புக்கல் ஓடையில், நீர் வோல்கள் அற்றுப்போனபின், 2022 ஆகஸ்டில் ஏறத்தாழ நூறு நீர் வோல்கள் மீண்டும் விடப்பட்டன. ஈஸ்ட் ஹாம், இல்ஃபர்ட் பக்கம் இருப்பவர்களுக்கு ரெய்னம் சதுப்புநிலம் தொலைவில் இல்லை. அங்குள்ள வாய்க்கால்கள் நீர் வோலுக்குப் பெயர்பெற்றவை. பார்ன்ஸ் பகுதியிலுள்ள ஈரநில மையத்திலும் அவை வாழ்கின்றன. நம் வீட்டுக்கு அருகிலேயே வாழும் ஓர் அரிய உயிரை அடையாளம் காணும் திறன் நம்மவர்களிடமும் பரவ வேண்டும் என்பது என் விருப்பம்.

படி 1: விலங்கை முதலில் அறிந்துகொள்ளுங்கள்

வளர்ந்த நீர் வோலின் உடல் 14 முதல் 22 செ.மீ நீளமும், எடை பொதுவாக 150 முதல் 300 கிராமும் இருக்கும். மூக்கு மழுங்கியது, முகம் உருண்டையானது, செம்பழுப்பு மயிருக்குள் காதுகள் ஏறக்குறைய மறைந்தே இருக்கும். வாலின் நீளம் உடலில் பாதியளவு. அதன்மீது மெல்லிய மயிர் படர்ந்திருக்கும். பழுப்பு எலிக்கோ மூக்கு கூர்மையானது, காதுகள் எடுப்பானவை, வால் தடித்து மயிரற்றுச் செதில்செதிலாக நீண்டிருக்கும். ஸ்காட்லாந்தின் வடபகுதிகளில் கரிய நிற நீர் வோல்கள் மிகுதி. எனவே நிறத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

நீரில் வாழ்வதற்கென்று இதன் உடலில் பெரிய மாற்றங்கள் எவையும் இல்லை என்பது வியப்புக்குரியது. விரல்களிடையே சவ்வு கிடையாது. காதுக்குள் நீர் புகாமல் தடுக்கும் ஒரு தோல்மடிப்பு உண்டு, அவ்வளவுதான். இதனால் இதன் பாதுகாப்பு முழுவதும் கரையை நம்பியே இருக்கிறது. நீருக்கு மேலே ஒரு வாயிலும் நீருக்கு அடியில் ஒரு வாயிலும் கொண்ட வளை, அந்த வாயில்களை மறைக்கும் அடர்ந்த செடிகள், எட்டிக் கடிக்கும் தொலைவில் உணவு ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் அதன் வாழிடம்.

உணவின் அளவையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு நீர் வோல் நாளொன்றுக்குத் தன் உடல் எடையில் ஏறத்தாழ 80 விழுக்காடு அளவுக்குப் புல்லும் கோரையும் நாணலும் தின்கிறது. இவ்வளவு தின்கிற விலங்கு தடயம் விடாமல் இருக்க முடியாது. ஆய்வாளருக்கு அதுவே பெரிய உதவி. குளிர்காலத்தில் அது நெடுந்தூக்கம் கொள்வதில்லை. வளைக்குள்ளே வேரையும் கிழங்கையும் தின்றுகொண்டு பெரும்பாலும் மண்ணுக்கடியிலேயே காலம் தள்ளுகிறது. ஓர் ஆண்டில் பல ஈற்றுகள் ஈன்றாலும், இரண்டாவது குளிர்காலத்தைத் தாண்டி வாழ்பவை அரிது.

படி 2: எந்தக் கரையில் தேடுவது என்று முடிவு செய்யுங்கள்

மெதுவாக ஓடும் நீர், ஆண்டு முழுவதும் பெரிதாக ஏறி இறங்காத நீர்மட்டம், குடைவதற்கு ஏற்ற மண் நிறைந்த செங்குத்தான கரை, வெயில் படுவதால் செழித்து வளர்ந்த ஓரச்செடிகள் ஆகியவை ஒருங்கே அமைந்த இடமே சிறந்த இடம். ஓடை, வயல் வாய்க்கால், பழைய சரக்குக் கால்வாய், குளம், சதுப்பு என்று நீர்நிலையின் பெயர் எதுவாகவும் இருக்கலாம். பார்வைக்கு அழகான மரநிழல் ஓடை பெரும்பாலும் பயனற்றது. நிழலில் புல்லும் கோரையும் வளர்வதில்லை. இரும்புத் தகடோ கற்காரையோ பதித்த கரையும், மாடுகள் இறங்கி மிதித்துச் சேறாக்கிய கரையும் அவ்வாறே. கரையின் விளிம்புவரை புல்வெட்டும் பூங்காக்களைக் காணும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டாகிறது. இரண்டு மீட்டர் அகலப் புற்பட்டையை வெட்டாமல் விட்டிருந்தால் அங்கே ஒரு பெண் நீர் வோல் குடும்பம் வளர்த்திருக்கக்கூடும்.

பரந்த நாணல் சதுப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே கரையென்று ஒன்று இல்லாததால், நீர் வோல் வளை குடையாமல் கோரைத் தூறுகளின் அடியில் புல்லைப் பின்னிப் பந்துபோலக் கூடு கட்டுகிறது. மிங்க் என்னும் கொல்விலங்கு நீர்நிலையின் ஓரத்தைப் பற்றிக்கொண்டே வேட்டையாடும். நீர்ப்பாதைகள் குறுக்கும்நெடுக்குமாகச் சிதறிக்கிடக்கும் சதுப்பின் நடுப்பகுதியில் அதற்கு வேட்டை எளிதன்று. கரைகளில் நீர் வோல் அழிந்துபோன நாட்களிலும் நாணல் சதுப்புகள் அதற்குப் புகலிடமாக நின்றதன் காரணம் இதுதான்.

மிங்க் வந்த கதையைச் சுருக்கமாகவாவது அறிந்திருக்க வேண்டும். கரையில் நீங்கள் காணப்போவதில் பாதி அதன் விளைவு. மென்மயிர்த் தோலுக்காக அமெரிக்க மிங்க்குகள் 1929 முதல் பிரிட்டனின் பண்ணைகளில் வளர்க்கப்பட்டன. தப்பியவை காட்டில் இனப்பெருக்கம் செய்வது 1956இல் டெவனில் உள்ள டீன் ஆற்றில் உறுதியானது. நீர் வோலுக்குப் பழைய பகைகள் பல உண்டு. நாரை, ஆந்தை, கீரிபோன்ற ஸ்டோட், பைக் மீன் எனப் பட்டியல் நீளும். அவற்றிடமிருந்து நீரில் மூழ்கியோ வளைக்குள் ஓடியோ அது தப்பித்துக்கொள்ளும். மிங்க் நீரிலும் நீந்தும். பெண் மிங்க்கின் உடல் மெலிந்தது, அது வளைக்குள்ளும் நுழையும். இரண்டு வழிகளும் அடைபட்ட நிலையில் தப்ப வேறு வழியில்லை. சூழலியலாளர் ராப் ஸ்ட்ராச்சன் முன்னின்று நடத்திய 1989–90, 1996–98 தேசிய ஆய்வுகளுக்கு இடைப்பட்ட குறுகிய காலத்தில் நீர் வோல் எண்ணிக்கை ஏறத்தாழ 90 விழுக்காடு சரிந்தது. வாழிட அழிவும் இதற்குக் காரணம்தான். கரைகள் துண்டுபட்டிருந்ததால், ஓரிடத்தில் மிங்க் அழித்ததைப் பக்கத்து இடத்திலிருந்து வந்து நிரப்ப நீர் வோல்களால் முடியவில்லை. 2018இல் வெளியான மதிப்பீடு பிரிட்டன் முழுவதற்கும் 1,32,000 என்றது.

படி 3: சட்டமும் அனுமதியும்

1981ஆம் ஆண்டின் காட்டுயிர், நாட்டுப்புறச் சட்டத்தின்கீழ் 1998இல் நீர் வோலின் வளைக்கும் புகலிடத்திற்கும் பாதுகாப்பு கிடைத்தது. இங்கிலாந்தில் 2008 ஏப்ரல் முதல் விலங்குக்கே முழுப் பாதுகாப்பு உண்டு. அதைப் பிடிப்பதும் கொல்வதும், வளையைச் சிதைப்பதும் அடைப்பதும் குற்றமாகும். பொறிவைத்துப் பிடிக்க உரிமம் வேண்டும். எதையும் கலைக்காமல் தடயங்களைப் பார்த்துக் குறிப்பெடுப்பதற்கு உரிமம் தேவையில்லை. ஆனால் பொதுப்பாதையை விட்டு இறங்குவதற்கு நில உரிமையாளரின் ஒப்புதல் கட்டாயம் வேண்டும். ஒரு மின்னஞ்சலோ கதவைத் தட்டி ஐந்து நிமிடப் பேச்சோ போதும். கேட்டால் மறுப்பவர்கள் குறைவு.

படி 4: காலத்தைத் தேர்ந்தெடுங்கள்

நீர் வோல் எச்சத்திட்டுகளை இடுவது மார்ச்சு முதல் அக்டோபர் வரை. அதிலும் ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து செப்டம்பர் இறுதிவரையே ஆய்வுக்குரிய காலம். இயலுமானால் இருமுறை செல்லுங்கள்: ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் முடிவதற்குள் ஒருமுறை, ஜூலையிலிருந்து செப்டம்பருக்குள் மறுமுறை. முதல் வருகையில் செடிகள் உயர்ந்திராததால் கரை நன்றாகத் தெரியும். இரண்டாம் வருகையில் குட்டிகள் வளர்ந்து எண்ணிக்கை கூடியிருக்கும். ஒரே ஒருமுறைதான் முடியும் என்றால் மே மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்.

மாதத்தைவிட முந்தைய வாரத்தின் வானிலை முக்கியம். நீர்மட்டம் ஒரு சாண் ஏறி இறங்கினாலே நீரோரத்து எச்சங்கள் அனைத்தும் அடித்துச் செல்லப்பட்டுவிடும். கனமழைக்குப் பின் ஐந்தாறு நாட்களாவது காத்திருங்கள். புதிதாகப் புல் வெட்டப்பட்ட கரையையும் தூர்வாரிய வாய்க்காலையும் அந்த வாரம் ஆய்வு செய்வது வீண். அப்படிப்பட்ட நாளில் 'ஒன்றும் இல்லை' என்று பதிவிட்டால், இருக்கும் உயிரை இல்லை என்று எழுதிவைத்த பிழை உங்களைச் சேரும்.

படி 5: எடுத்துச்செல்ல வேண்டியவை, உடல்நலப் பாதுகாப்பு

முழங்கால் அளவு ரப்பர் காலணி, உறுதியான ஒரு கோல், மெல்லிய கையுறை, அளவுகோல், பென்சில், குறிப்பேடு, இருப்பிடம் காட்டும் கைப்பேசி ஆகியவை போதும். கோல் மூன்று வேலைகளுக்குப் பயன்படும்: நீரின் ஆழத்தையும் சேற்றின் உறுதியையும் பார்க்க, செடிகளை மெல்ல ஒதுக்க, தடுமாறும்போது ஊன்றிக்கொள்ள. தனியாகச் செல்லாதீர்கள். ஒருவர் நீரோரம் இறங்கும்போது மற்றவர் மேலே நிற்க வேண்டும்.

எலிக்காய்ச்சலைப் பற்றி நம்மவர்களுக்கு விரித்துச் சொல்லத் தேவையில்லை. அதே நோய்க்கிருமி இங்குள்ள நீர்நிலைகளிலும் எலிகளின் சிறுநீர் வழியாகக் கலந்திருக்கக்கூடும். கையிலுள்ள கீறல்களை நீர்புகாத ஒட்டுப்பட்டையால் மூடுங்கள். கையைக் கழுவாமல் எதையும் உண்ணாதீர்கள். ஆய்வுக்குப் பின் சில வாரங்களுக்குள் காய்ச்சலும் உடல்வலியும் வந்தால், ஆற்று நீரில் இறங்கியதை மருத்துவரிடம் சொல்லுங்கள். கரையோரம் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து வெள்ளைக் குடைபோலப் பூக்கும் ஜயன்ட் ஹாக்வீடின் சாறு தோலில் பட்டு வெயிலும் பட்டால் கொப்புளம் எழும்பும். அதைத் தொடவே வேண்டாம். ஓர் ஆற்றிலிருந்து இன்னொரு ஆற்றுக்குப் போவதற்கு முன் காலணியையும் கோலையும் சேறு போகக் கழுவி நன்றாகக் காயவையுங்கள். நன்னீர்ச் சிங்கி இறால்களைக் கொல்லும் நோய் ஈரக் காலணி வழியாகவும் பரவும்.

படி 6: கரையில் நடக்கும் முறை

தேசிய அளவில் 2015 முதல் நடைபெற்றுவரும் கண்காணிப்பில் ஓர் இடம் என்பது 500 மீட்டர் நீளக் கரை. நீங்களும் அதே அளவைப் பின்பற்றலாம், ஒப்பிட எளிது. தொடக்கத்தையும் முடிவையும் பாலம், வேலி, கிளை வாய்க்கால் போன்று அடுத்த ஆண்டும் நிற்கக்கூடிய ஒன்றுடன் இணைத்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

தேட வேண்டியது கரையின் மேற்பரப்பில் அன்று. நீரைத் தொடும் விளிம்பிலும் அதிலிருந்து இரண்டு மீட்டர் அகலத்திற்குள்ளும்தான். ஆழம் குறைவாகவும் அடி உறுதியாகவும் இருந்தால் நீருக்குள் நின்று கரையைப் பார்த்தபடி நகர்வதே சிறந்தது. மேலிருந்து எட்டிப் பார்க்கிறவர் கண்ணுக்குச் செடிகளின் தலைதான் தெரியும். நீர் வோலின் வாழ்க்கை அவற்றின் காலடியில் நடக்கிறது. நீருக்குள் இறங்க இயலாத இடத்தில் ஓரிரு மீட்டருக்கு ஒருமுறை மண்டியிட்டு, கோலால் செடிகளை மெல்ல விலக்கிப் பாருங்கள், பார்த்தபின் மீண்டும் மூடிவிடுங்கள். நீரில் சாய்ந்த மரக்கட்டை, சிறு மண்திட்டு, தட்டையான கல், நாணல் படிந்த மேடை போன்றவற்றை ஒன்றுவிடாமல் பாருங்கள். 500 மீட்டரை ஒழுங்காகப் பார்க்க இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது.

படி 7: எச்சத்திட்டைக் கண்டறிதல்

இங்கே பொறுமை வேண்டும். ஆய்வின் உயிர்நாடி இதுவே.

ஒற்றை எச்சம் 8 முதல் 12 மி.மீ நீளமும் 4 முதல் 5 மி.மீ தடிமனும் உள்ளது. நன்கு வெந்த சம்பா அரிசிப் பருக்கையைப் பச்சையாகவோ கரும்பழுப்பாகவோ எண்ணிப் பாருங்கள், வடிவம் அதுவேதான். இரு முனைகளும் மழுங்கியிருக்கும், ஒருபுறம் கூராக முடியாது. தின்ற உணவைப் பொறுத்து நிறம் பச்சையிலிருந்து கருப்புவரை மாறும், சில வேளைகளில் ஊதாச்சாயலும் காணப்படும். புதியது விரலுக்கிடையே பிசைந்த மாவுபோல அழுந்தும். பழையது உலர்ந்து உதிரும். கையுறையணிந்த விரலால் ஒன்றைப் பிளந்தால் உள்ளே நுண்ணிதாக அரைபட்ட புல்நார் வளையம் வளையமாக அடுக்கப்பட்டிருக்கும். முகர்ந்து பார்த்தால் நாற்றம் இராது. காய்ந்த வைக்கோலின் மணம் சற்றே தெரியலாம். எலியின் எச்சமோ 15 மி.மீ அல்லது அதற்கு மேல் நீண்டு, ஒரு முனை கூராகி, தெளிவான துர்நாற்றம் வீசும். ஐயம் வரும்போது கண்ணைவிட மூக்கே நல்ல தீர்ப்பாளர்.

எச்சங்கள் ஆங்காங்கே சிதறியும் கிடக்கும். ஆனால் எச்சத்திட்டு வேறு. இனப்பெருக்கக் காலத்தில் பெண் நீர் வோல் கரையின் ஏறக்குறைய 30 முதல் 150 மீட்டர் நீளத்தைத் தனக்குரியதாகக் கொண்டு, அதன் எல்லைகளிலும் கூட்டருகிலும் நீரில் இறங்கும் துறைகளிலும் ஒரே இடத்தில் திரும்பத்திரும்ப எச்சமிடுகிறது. விலாப்பகுதியில் உள்ள சுரப்பியின்மீது பின்னங்காலைத் தேய்த்து, அந்த மணத்துடன் எச்சத்தை மிதித்துத் தட்டையாக்குகிறது. பிறகு அதன்மேல் புதிய எச்சம் விழுகிறது. அதனால் அடியில் அடையாகத் தட்டி உலர்ந்த ஒரு படலம், அதன்மேல் பளபளக்கும் முழு எச்சங்கள் என இரண்டு அடுக்காகத் தெரிந்தால், அது உயிருள்ள எல்லைக்கல். பிரிட்டனில் வேறெந்த விலங்கும் இப்படியொன்றை விட்டுச்செல்வதில்லை.

ஒரு மே மாதக் காலையில் நான் கண்ட திட்டு இன்னும் நினைவில் நிற்கிறது. நீரிலிருந்து நாலு விரல் உயரத்தில், உள்ளங்கை அகலமுள்ள ஒரு மண்விளிம்பு. அதன்மேல் கரும்பழுப்பு அடை. நடுவே ஈரம் உலராத பச்சை எச்சங்கள் பதினொன்று. பக்கத்தில் கோரையின் வெண்ணிறத் தண்டுத் துண்டு ஒன்று, கடித்த முனையில் இன்னும் நீர் கசிந்தபடி கிடந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு நின்றபோது நாணலுக்குள்ளிருந்து மெல்லிய 'நறுக் நறுக்' ஒலி வந்தது. சிறிது நேரத்தில் செடிகளின் இடைவெளியில் அந்த விலங்கே தெரிந்தது. பின்னங்கால்களில் குந்தி, முன்னங்கைகள் இரண்டாலும் தண்டைக் குழல்போலப் பிடித்து, நுனியிலிருந்து உள்நோக்கிச் சீராகக் கடித்துக்கொண்டே போனது. திட்டைக் கண்ட இடத்தில் அசையாமல் நின்றதால் கிடைத்த காட்சி அது. விலங்கைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்: முதலில் புதிய எச்சத்திட்டைக் கண்டுபிடியுங்கள், பிறகு சற்றுத் தள்ளி உட்காருங்கள். நீர் வோல் பகலிலும் இரவிலும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை வெளிவந்து மேயும் பழக்கமுடையது.

படி 8: துணைச் சான்றுகள்

தின்று எஞ்சிய தண்டுகள் அடிக்கடி கண்ணில் படும். சுமார் 10 செ.மீ நீளத் துண்டுகள், நீரோரத்தில் சிறு குவியலாக, ஒவ்வொன்றின் முனையும் 45 பாகைச் சாய்வில் வெட்டப்பட்டு, அந்த வெட்டில் இரண்டு முன்பற்களின் தடம் தெரியுமாறு கிடக்கும். வயல் வோல் என்னும் சிறிய உறவினமும் இதேபோல் கடிக்கும் என்பதை மறக்கலாகாது. அதன் துண்டுகள் குட்டையானவை, தண்டுகளும் மெல்லியவை. தொடக்க காலத்தில் ஓர் ஓடையில் இத்தகைய குவியலை மட்டும் கண்டு நீர் வோல் உண்டு என்று பதிவிட்டேன். அடுத்த மாதம் அதே இடத்தில் மிகச்சிறிய பச்சை எச்சங்களைக் கண்டபோதுதான் அது வயல் வோலின் வேலை என்று புரிந்து, பதிவைத் திரும்பப் பெற்றேன். தண்டுக் குவியலை மட்டும் கண்டால் 'இருக்கக்கூடும்' என்று எழுதுங்கள். 'உண்டு' என்று எழுதாதீர்கள்.

வளை வாயில் 4 முதல் 8 செ.மீ அகலம், உயரத்தைவிட அகலம் சற்று மிகுதி. நீர்மட்டத்தையொட்டியோ கரையின் மேலே சில மீட்டர் தள்ளியோ இருக்கும். வாயிலைச் சுற்றிப் புல் ஒட்டக் கடிக்கப்பட்டு ஒரு சிறு முற்றம் போலத் தெரிந்தால், குட்டிகளுடன் இருக்கும் தாய் வளையைவிட்டுத் தலையை மட்டும் நீட்டி மேய்ந்திருக்கலாம். எலி வளையின் முன் தோண்டிய மண் விசிறிபோலப் பரந்து கிடக்கும். நீர் வோல் வளையின் முன் பெரும்பாலும் அப்படி இராது. பழைய வளைகள் ஆண்டுக்கணக்கில் அழியாமல் நிற்பதால், வளையை மட்டும் வைத்து அங்கே இப்போது விலங்கு வாழ்கிறது என்று சொல்ல முடியாது.

காலடித் தடத்தில் முன்னங்காலுக்கு நான்கு விரல்கள் விண்மீன்போல விரிந்தும், பின்னங்காலுக்கு ஐந்து விரல்களும் பதிந்திருக்கும். பின்னங்கால் தடம் 26 முதல் 34 மி.மீ, வளர்ந்த எலிக்கு 40 மி.மீக்கு மேல். எலிக்குஞ்சின் தடம் இரண்டுக்கும் இடையில் விழும் என்பதால் தடத்தை நான் கடைசிச் சான்றாகவே மதிக்கிறேன்.

படி 9: மிங்க்கின் தடயங்களையும் குறித்துக்கொள்ளுங்கள்

மெலிந்து, முறுக்கிய கயிறுபோல, மயிரும் எலும்புத்துணுக்கும் கலந்து, தாங்கமுடியாத நாற்றத்துடன் கற்களின்மேலோ பாலத்தடியிலோ எச்சம் கிடந்தால் மிங்க்கை ஐயுறுங்கள். நீர்நாயின் எச்சத்தில் மீன்முள்ளும் செதிலும் மிகுதி. அதன் மணம் அவ்வளவு அருவருப்பானதன்று. மிங்க் உண்டா என்று உறுதிசெய்ய மிதவை பயன்படுகிறது. மிதக்கும் பலகையின்மேல் ஒரு சிறு கூண்டுப்பாதை, அதன் தரையில் களிமண்ணும் மணலும் கலந்த ஈரத்தட்டு; ஆர்வத்தால் உள்ளே நுழையும் மிங்க் தன் தடத்தைப் பதித்துவிட்டுப் போகும். மிதவையை நீங்களாக வைக்காமல், அப்பகுதிக் காட்டுயிர் அறக்கட்டளையுடன் சேர்ந்து வையுங்கள். தடம் விழுந்தபின் செய்ய வேண்டியதற்குப் பயிற்சி பெற்றவர்கள் தேவை.

படி 10: பதிவு செய்தல்

ஒவ்வொரு தடயத்திற்கும் வகை, புதியதா பழையதா, வரைபடக் கட்டக் குறியீட்டு இருப்பிடம், அளவுகோல் வைத்த ஒரு படம். இவற்றுடன் நாள், வானிலை, நீர்மட்டம், கரையின் சரிவு, செடிகளின் அடர்த்தி, நிழல், கால்நடை மிதித்த அடையாளம் ஆகியவற்றையும் எழுதுங்கள். எச்சத்திட்டுகளின் எண்ணிக்கையை 100 மீட்டருக்கு இத்தனை என்று கணக்கிடுங்கள். அது விலங்குகளின் எண்ணிக்கை ஆகாது. ஆனால் அதே கரையில் அதே மாதத்தில் ஆண்டுதோறும் எடுத்தால், கூடுகிறதா குறைகிறதா என்பதை நம்பகமாகக் காட்டும்.

தடயமே கிடைக்காத ஆய்வையும் அதே கவனத்துடன் அனுப்ப வேண்டும். எங்கே இல்லை என்பது தெரியாமல், எங்கிருந்து மறைந்துகொண்டிருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. உங்கள் மாவட்ட உயிரினப் பதிவு மையத்திற்கோ, உயிரினப் பதிவுகளுக்கான ஐ-ரெக்கார்ட் இணையதளத்திற்கோ, மேமல் மேப்பர் செயலி வழியாகவோ அனுப்பலாம். வளையின் துல்லியமான இருப்பிடத்தைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள்.

படி 11: தடயம் கிடைத்த கரையைப் பேணுதல்

பெரும்பாலும் செய்ய வேண்டியது, செய்யாமல் இருப்பதுதான். நீரோரத்தில் இரண்டு முதல் ஐந்து மீட்டர் அகலப் பட்டையைப் புல்வெட்டாமல் விடும்படி நகராட்சியையோ உரிமையாளரையோ கேளுங்கள். உங்கள் பதிவுத்தாள் கையில் இருந்தால் அந்தக் கோரிக்கைக்கு எடை கூடும். மேய்ச்சல் நிலமானால் கரையிலிருந்து சற்றுத் தள்ளி வேலி அமைத்து, மாடுகள் நீர் குடிக்க ஓரிடத்தை மட்டும் திறந்துவைக்கலாம். வாய்க்காலைத் தூர்வாரித்தான் ஆக வேண்டுமென்றால், ஒரு பக்கத்திலிருந்து மட்டும், சிறு சிறு பகுதிகளாக வாருவதும், எதிர்க்கரையை அவ்வாண்டு தொடாமல் விடுவதும் முறை. கரை அரிப்பைத் தடுக்க இரும்புத் தகட்டுக்குப் பதிலாகத் தேங்காய் நார்ச் சுருள்களைப் பதித்து அதில் கோரையை நடுகிறார்கள். நம் ஊர்க் கயிற்றுத் தொழிலின் அந்த நார் இங்கே ஓர் ஆற்றுயிருக்கு வீடாவதைப் பார்க்கையில் மனம் நிறைகிறது.

நம் காசித்தும்பையின் உறவான இமயமலைப் பால்சம் கரைகளில் அடர்ந்து பரவி மற்றச் செடிகளை மறைத்துவிடுகிறது. குளிர்காலத்தில் அது மடிந்ததும் கரை மொட்டையாகி அரிக்கப்படுகிறது. காய் வெடிப்பதற்கு முன், அதாவது பூக்கத் தொடங்கும் நாட்களில், கையால் வேரோடு பிடுங்கிவிடலாம். பிடுங்கும்போதும் வளைகளுக்கு மேல் நடமாடாதீர்கள்.

நீர் வோலைக் கொண்டுவந்து விடுவது எவரும் தாமாகச் செய்யத்தக்க செயலன்று. முதலில் அந்த ஆற்றுப்படுகை முழுவதிலும் மிங்க் இல்லாமல் செய்ய வேண்டும்; அடுத்துக் கரைச்செடிகள் தொடர்ச்சியாக வளர வேண்டும்; அதன்பின்பே விலங்கு. 2016இல் யார்க்‌ஷையரின் மாலம் டார்ன் ஏரியிலும், நீர் வோல் கடைசியாக 1985இல் காணப்பட்ட நார்தம்பர்லாந்தின் கீல்டர் காட்டில் 2017 முதலும், பின்னர் ஹாக்ஸ்மில் ஆற்றிலும் நீர் வோல்கள் விடப்பட்டன. இத்தகைய இடங்களில் விடப்பட்டவை குளிர்காலத்தைக் கடந்தனவா என்பதற்கு விடை, அடுத்த ஏப்ரலில் செடிகள் உயர்வதற்கு முன், ரப்பர் காலணியுடன் நீரில் இறங்கி, அந்த ஆண்டின் முதல் எச்சத்திட்டைத் தேடி நடப்பவர்களிடமிருந்தே கிடைக்கிறது.